மருமகள் ஆபீஸ் போயிருக்கிறாள்

தினமும் காலையில் அத்தை என்னை வீட்டைவிட்டு வெளியே அனுப்பிக் கதவைச் சாத்துவார். அத்தை என்றால் என் கணவரின் அம்மா. நான் பையைத் தோளில் மாட்டி, சாப்பாட்டு டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு தெருவில் இறங்குவேன். சைக்கிள் கடை, லாண்டரி, பேக்கரி எல்லாவற்றையும் தாண்டி முனையில் திரும்பி, மறுபடியும் ஒரு தடவை திரும்பி, எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் சந்துக்கு வந்து சேர்வேன். அங்கிருந்து ஓர் இரும்புப் படிக்கட்டு மாடி அறைக்கு ஏறுகிறது. அந்த அறைதான் என் ஆபீஸ். கிளம்பிய வீட்டுக்கு நேர் மேலே இருக்கிறது.

வீட்டுக்குள்ளேயே மாடிப்படி கிடையாதா என்று கேட்பீர்கள். கிடையாது. வீட்டைக் கட்டிய மாமனாருக்கு மாடி அறையை வாடகைக்கு விடும் எண்ணம் இருந்ததால் படியைச் சந்துப் பக்கம் வைத்துவிட்டார். வாடகைக்கு யாரும் வருவதற்குள் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். ஆனாலும் படி உள்ளே இருந்திருந்தால்கூட அத்தை என்னைத் தெருவைச் சுற்றித்தான் அனுப்பியிருப்பார். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். நானும் முதல் நாள் சிரித்தேன்.

அதற்கு முன்னால் நான் ஒரு கட்டடக் கம்பெனியில் வரைபடம் போட்டுக்கொண்டிருந்தேன். கழிப்பறை எங்கே வரும், கதவு எந்தப் பக்கம் திறக்கும், படுக்கையறையில் கட்டில் போட்ட பிறகு மனிதன் நடக்க இடம் இருக்குமா என்பதையெல்லாம் வரைவதுதான் வேலை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து எனக்காகப் படம் வரைவேன். ஒரு கட்டத்தில் இரண்டு குதிரையில் சவாரி செய்தது போதும் என்று வேலையை விட்டேன். முழுநேர ஓவியர். அந்த வார்த்தையைக் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்துக்கொண்டேன். நன்றாகத்தான் இருந்தது.

முழுநேரமும் கையில் வந்த பிறகுதான் வேடிக்கை. முதலில் பிரஷ்களைக் கழுவி உயர வாரியாக அடுக்கினேன். அப்புறம் தடிமன் வாரியாக அடுக்கினேன். அலமாரியை ஒழித்தேன். ஒழித்ததில் கிடைத்த பழைய போட்டோக்களைப் பார்த்தேன். பார்த்த களைப்பில் தூங்கினேன். இது போதாதென்று, வீட்டில் ஒருத்தி இருக்கிறாள் என்ற செய்தி ஊரெல்லாம் பரவிவிட்டது. பக்கத்து வீட்டுச் சாவி என்னிடம் வந்தது. எதிர்வீட்டுக்கு வரும் பார்சலுக்கு நான் கையெழுத்துப் போட்டேன். என் கணவரின் சித்தப்பா பாங்க்குக்குப் போக என்னைத் துணைக்குக் கூப்பிட்டார். எல்லோரும் ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னார்கள், நீ சும்மாதானே இருக்கே என்று. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஆனால் அவர்கள் சொன்னதில் தப்பில்லை. சும்மாதான் இருந்தேன்.

அத்தை இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். வரிசையாக உட்கார்ந்திருக்கும் ஆபரேட்டர்களுக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நடந்தே பாதி வாழ்க்கையைக் கழித்தவர். ஒரு காரியம் நடக்க வேண்டும் அல்லது நடக்கக் கூடாது. அரைகுறை அவருக்கு ஆகாது. சிரித்தால்கூடப் பல் தெரியாது. கல்யாண வீட்டில் மற்றவர்கள் ஆடிப் பாடிக்கொண்டிருக்கும்போது, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்.

ஒருநாள் காலையில் நான் இரவு உடையோடு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஆறிப்போன காபியைக் கலக்கிக்கொண்டிருந்தேன். அத்தை எதிரே வந்து உட்கார்ந்தார்.

"வீட்ல இருக்கிறவளை யாரும் வேலை செய்யறவளா பார்க்க மாட்டாங்க. நீயே உன்னை அப்படிப் பார்க்கல. நாளைலேர்ந்து நீ ஆபீஸ் போ."

"எந்த ஆபீஸ் அத்தை? மேல மாடிதானே?"

"எந்த ஆபீஸும் ஏதோ ஒரு மாடியிலதான் இருக்கு" என்றார்.

அன்றைக்கே சட்டங்களும் வகுத்துவிட்டார். காலையில் குளித்து, தலை வாரி, வெளியே போகிற உடை போட்டுக்கொண்டு கிளம்ப வேண்டும். முன்வாசல் வழியாகத்தான் போக வேண்டும். சாயங்காலம் அதே வழியாகத் திரும்ப வேண்டும். நடுவில் எனக்கு வீடும் கிடையாது, வீட்டுக்கு நானும் கிடையாது. என் செல்போன் சத்தமில்லாமல் மேசை டிராயருக்குள் இருக்கும். வீட்டிலிருந்து கூப்பிட்டால் மட்டும் அடிக்கும்.

சொன்னால் சொன்னதுதான். ஒருநாள் தலைவலி தாங்காமல் மாத்திரைக்காகச் சுற்றி வந்து வாசல் மணியை அடித்தேன். கதவைத் திறந்த அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பர்மிஷன் போட்டுவிட்டு வந்தாயா என்று கேட்டார். போட்டுவிட்டுத்தான் வந்தேன் என்று சொன்ன பிறகே வழிவிட்டார். இன்னொரு நாள் டிராயருக்குள் போன் அடித்தது.

"வணக்கம். அங்க ஓவியர் இருக்காங்களா?"

"நான்தான் அத்தை."

"பீரோ சாவியை எங்க வச்சீங்கன்னு உங்க வீட்ல கேக்கறாங்க."

வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம், மருமகள் ஆபீஸ் போயிருக்கிறாள் என்பார். சொல்லும்போது முகத்தில் ஒரு கோடுகூட அசையாது. சாவியும் பார்சலும் வருவது நின்றது. சொந்தக்காரர்களில் பாதிப்பேர் எனக்குப் பெரிய இடத்தில் வேலை கிடைத்துவிட்டதாக நம்பினார்கள். சித்தப்பா எந்தக் கம்பெனி என்று துருவிக் கேட்டதற்கு, நல்ல கம்பெனி, லீவுதான் கிடைக்காது என்று சொன்னாராம்.

ஆக, ஓர் ஓவியருக்கு வேண்டிய எல்லாம் அமைந்துவிட்டது, ஓவியத்தைத் தவிர. நேரத்துக்கு வந்தேன், நேரத்துக்குப் போனேன், நடுவில் நடக்க வேண்டியதுதான் நடக்கவில்லை. பழைய கம்பெனியிலும் இப்படிச் சிலர் இருந்தார்கள். நான் கடல் வரைந்தேன், புயல் வரைந்தேன், புயலில் ஓடும் குதிரைகள் வரைந்தேன். இத்தனை வருஷம் மேசை நாற்காலியாக வரைந்த கையல்லவா, குதிரைகள் நாலு காலையும் ஊன்றிக்கொண்டு அசையாமல் நின்றன. அவற்றின் மேல் ஏறி உட்காரலாம், அவ்வளவுதான்.

இந்த நேரத்தில்தான் கேலரி அம்மாவின் வாக்கு என் தலைக்கு மேல் கத்தியாகத் தொங்கியது. நகரத்தின் பெரிய தெருவில் ஓவியக் கூடம் நடத்துகிறவர். நான் பகுதிநேரமாக வரைந்த காலத்துப் படங்கள் சிலவற்றைப் பார்த்து, அடுத்த கண்காட்சியில் ஒரு முழுச் சுவரை எனக்குத் தருகிறேன் என்றிருந்தார். புதுப் படங்கள் வேண்டும், நேரில் வந்து பார்ப்பேன், பிடித்தால்தான் சுவர். இன்னொரு நிபந்தனையும் போட்டார். பாதியில் வேலைக்குத் திரும்பி ஓடுகிற ஆட்கள் அவருக்கு ஆகாது. அப்படிச் சிலரை நம்பி, கண்காட்சி நாளில் வெறும் சுவரோடு நின்று அவமானப்பட்டவராம்.

அதே வாரம் என் பழைய மேனேஜர் போன் செய்தார். என் நாற்காலி இன்னும் காலியாகத்தான் இருக்கிறது, மாசக் கடைசிக்குள் சொல்லும்மா என்றார். நல்ல மனிதர். அவர் அன்பாகப் பேசியதுதான் என்னைப் பயமுறுத்தியது. அன்று இரவுச் சாப்பாட்டின்போது வீட்டில் சொல்லிவிட்டேன். கேலரிச் சுவர் கிடைத்தால் ஓவியர். கிடைக்காவிட்டால் மறுநாளே பழைய நாற்காலி, கழிப்பறை, கதவு. என் கணவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறவர். எதையும் இரண்டு பக்கமும் துடைத்துப் பார்த்துவிட்டுத்தான் பேசுவார். உன் இஷ்டம் என்றார். மறுநாள் அத்தை வழக்கத்தைவிடக் கொஞ்சம் முன்னதாகவே என்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார்.

அன்று முற்பகல் நான் குதிரைகளை வெறித்துக்கொண்டிருந்தபோது கீழேயிருந்து ஒரு பாட்டுச் சத்தம் வந்தது. சுருதிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. எழுந்து ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். ஜன்னலுக்கு நேர் கீழே எங்கள் வீட்டுக் கொல்லை: துணிக் கொடிகள், ஒரு குழாய், தொட்டிச் செடிகள், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. நடுவில் அத்தை. கையில் பிழிந்த ஈரப் படுக்கை விரிப்பு. அதன் இரண்டு முனைகளையும் பிடித்துக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தார்.

ஏதோ காலை மாற்றி வைத்தார் என்று நினைக்காதீர்கள். ஆட்டம் என்றால் ஆட்டம். விரிப்பைத் தலைக்கு மேல் வீசி, அது இறங்குவதற்குள் ஒரு சுற்றுச் சுற்றி, குதிகாலைத் தட்டி, இடுப்பை ஒடித்து, கொடிக்குப் பக்கத்தில் வந்ததும் ஒரே வீச்சில் விரிப்பை அதன்மேல் போட்டார். பிறகு தலையணை உறையை எடுத்துக்கொண்டார். அதற்கு வேறு ஆட்டம்.

மகன் கடைக்குப் போய்விட்டான், மருமகள் ஆபீஸ் போயிருக்கிறாள், வீட்டில் ஈ காக்கை இல்லை. ஊருக்கெல்லாம் சொல்லிச் சொல்லி அத்தை தானே அதை நம்பிவிட்டார். தலைக்கு மேல் ஒரு ஜன்னல் இருப்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. பார்க்கக் கூடாததைப் பார்க்கிறோம் என்று தோன்றியது. கையோ அதற்குள் கரித்துண்டைத் தேடி எடுத்துவிட்டது. கடைசி உறை கொடிக்குப் போவதற்குள் தாள் தாளாக வரைந்து தள்ளியிருந்தேன். ஒன்றில்கூட உருவம் நாற்காலியாக நிற்கவில்லை.

அதற்குப் பிறகு என்னை யாரும் வெளியே தள்ள வேண்டியிருக்கவில்லை. நானே அரக்கப் பரக்கக் கிளம்பினேன். துணி காயப்போடும் வேளைக்குள் ஜன்னலில் இருக்க வேண்டுமே! பேக்கரியைத் தாண்டி ஓடும்போது, ஆபீசில் புது மேனேஜர் வந்திருக்கிறாரா என்று பேக்கரிக்காரர் கேட்டார். ஆமாம், ரொம்பக் கண்டிப்பு என்று சொல்லிவிட்டு ஓடினேன். முற்பகல் முழுவதும் கரித்துண்டு, பிற்பகல் முழுவதும் வண்ணம். சாப்பாட்டு டப்பாவைத் திறக்க மறந்த நாட்கள் உண்டு. ஒழுங்கு என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு உட்காருவது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது எழுந்திருக்கத்தான் பல்லைக் கடிக்க வேண்டியிருந்தது. நான் இவ்வளவு சந்தோஷமாக எந்த வேலையும் செய்ததில்லை.

ஆட்டம் மட்டுமில்லை. அத்தை தண்ணீர்க் குழாயோடு சண்டை போடுவார்; திறந்தால் ஒழுங்காக வா, இல்லையென்றால் வராதே என்பார். நாற்காலியில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டே, செத்துப்போன மாமனாரிடம் படிக்கட்டை வெளியே வைத்ததற்கு நியாயம் கேட்பார். பதிலும் அவரே மாமனார் குரலில் சொல்வார். மாமனார் ஒருநாளும் ஜெயித்ததில்லை. வெயில் ஏறினால் அதே நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு தூங்குவார். ஒரு காகம் தினமும் வந்து எதிரில் உட்காரும். அதனிடம் என்னைப் பற்றிப் பெருமையாகப் பேசுவார். முகத்துக்கு நேரே ஒரு தடவைகூடச் சொல்லாததையெல்லாம் அந்தக் காகம் கேட்டுக்கொண்டிருந்தது.

எல்லாம் படமாயிற்று. சுவர் நிறைந்தது. ஈர விரிப்போடு அத்தை சுழலும் படம்தான் எல்லாவற்றிலும் பெரியது. ஒரு முழுக் கதவளவு இருக்கும்.

சொல்லிவிட வேண்டும் என்று தினமும் நினைப்பேன். சாயங்காலம் தெருவைச் சுற்றி வந்து மணி அடித்தால், அத்தை கதவைத் திறந்து, பல் தெரியாத அதே முகத்தோடு ஆபீசில் எப்படி இருந்தது என்று கேட்பார். வேலை ஜாஸ்தி அத்தை என்பேன். சொன்னால் மறுநாள் கொல்லையில் சூப்பர்வைசர்தான் வந்து நிற்பார், ஆடுகிறவர் வரமாட்டார் என்று எனக்குப் பயம். இப்படியே நாட்களைத் தள்ளிக்கொண்டு போனேன். மாசக் கடைசியும் நெருங்கியது.

ஒரு சாயங்காலம் அத்தை எனக்குக் காபியைக் கொடுத்துவிட்டு, கடமை தவறாத முகத்தோடு உட்கார்ந்தார்.

"இன்னிக்கு உன்னைத் தேடி ஒரு அம்மா வந்தாங்க. வெள்ளை முடி, பெரிய கண்ணாடி. உன் படங்களைப் பார்க்கணும்னாங்க. ஆபீஸ் போயிருக்கான்னு சொன்னேன்."

காபியைக் கீழே வைத்தேன். "அப்புறம்?"

"ஆபீஸானு கேட்டாங்க. ஆமா, தினமும் காலைல போயிட்டு சாயங்காலம்தான் வருவான்னேன். எத்தனை நாளானு கேட்டாங்க. ரொம்ப நாளா, ஒரு நாள்கூட லீவு போட்டதில்லைன்னு சொன்னேன். முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு. என்கிட்ட முதல்லயே சொல்லியிருக்கலாம்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க."

டிராயரில் கிடந்துவிட்டு வந்த செல்போனைப் பையிலிருந்து எடுத்துப் பார்த்தேன். கேலரி அம்மாவின் செய்தி. புது வேலைக்கு வாழ்த்துகள் என்றும், சுவரை வேறொருவருக்கு நாளை பேசி முடிக்கப்போவதாகவும் எழுதியிருந்தார். போன் செய்தேன். எடுக்கவில்லை. மறுபடி செய்தேன். அணைத்து வைத்திருந்தார். பதில் எழுத உட்கார்ந்தேன். நான் வீட்டு மாடியில்தான் இருந்தேன், ஆனால் ஆபீஸ் போயிருந்தேன் என்று ஆரம்பித்து அழித்தேன். இதைப் படிக்கிற எவரும் எனக்குச் சுவர் தரமாட்டார்கள், டாக்டர் விலாசம்தான் தருவார்கள்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "அது ஆபீஸ் இல்ல அத்தை, மாடி! வெறும் மாடி! யார்கிட்ட எதைச் சொல்றதுன்னு வேண்டாமா?" என்று கத்தினேன். கத்தியது தெருமுனை வரை கேட்டிருக்கும்.

அத்தை அசையவில்லை. "அப்படிச் சொல்லக் கூடாதுன்னுதானே நாம முடிவு பண்ணோம்" என்று மெதுவாகச் சொன்னார். அவர் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை. அப்புறம் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. என் கணவர் மட்டும் கழற்றிய கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். நான் பழைய மேனேஜரின் எண்ணைத் தேடி வைத்துக்கொண்டு படுத்தேன்.

காலையில் நான் கேலரிக்குப் போகலாம் என்று கிளம்பி வந்தால், கூடத்தில் அத்தை தயாராக நின்றுகொண்டிருந்தார். வெளியே போகிற உடை, வெளியே போகிற செருப்பு, கையில் கைப்பை.

"நீ ஆபீஸ் போ. நான் போறேன்."

நானே போய்ச் சொல்லிக்கொள்கிறேன் என்றேன். நீ போனால் ஆபீஸ் நேரத்தில் எப்படி வந்தாய் என்றுதான் முதலில் கேட்பார்கள் என்றார் அத்தை. "நான் சொல்லிக் கெட்டது. நான் சொல்லித்தான் சரியாகணும்."

இதற்கு மேல் அவரிடம் பேசிப் பயனில்லை. அவர் தெருவில் இடது பக்கம் போனார், நான் வலது பக்கம் போனேன். படியேறி அறைக்குள் வந்து ஜன்னலில் நின்றேன். கொல்லை காலியாகக் கிடந்தது. கொடியில் துணி இல்லை. காகம் வந்து நாற்காலியைப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சுவரிலிருந்த படங்களைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். நல்ல படங்கள். சுவர் கிடைக்காவிட்டாலும் இவை நல்ல படங்கள்தான் என்று எனக்கே தெரிந்தது. அதனாலேயே அழுகை வந்தது.

வெயில் நன்றாக ஏறிய பிறகு இரும்புப் படியில் காலடிச் சத்தம் கேட்டது. ஒருவர் இல்லை, இரண்டு பேர். ஒரு காலடி எனக்குத் தெரிந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அத்தை கேலரி அம்மாவை நேரே இங்கே அழைத்துக்கொண்டு வருகிறார். இத்தனை மாதங்களில் ஒருநாளும் இந்தப் படியில் ஏறாதவர். மகனுடைய கடைக்கு நான் போய் உட்காருகிறேனா, அதுபோலத்தான் உன் ஆபீசும் என்று சொன்னவர். நாலு சுவரிலும் அவர்தான் ஆடிக்கொண்டும் தூங்கிக்கொண்டும் சண்டை போட்டுக்கொண்டும் இருக்கிறார். விரிப்போடு இருந்த பெரிய படத்தைத் திருப்பி வைக்கலாம் என்று ஓடினேன். அதை ஓர் ஆள் தூக்க முடியாது.

கதவு தட்டப்பட்டது. "உள்ள வரலாமா?" என்று அத்தை கேட்டார். ஆபீஸ் என்றால் கேட்டுவிட்டுத்தானே வர வேண்டும்.

முதலில் வந்தவர் கேலரி அம்மா. சிரித்துச் சிரித்துக் கண்ணாடிக்குள் கண்கள் ஈரமாக இருந்தன. வரும் வழியெல்லாம் அத்தை அவருக்கு எல்லாவற்றையும் விவரித்திருக்கிறார்: ஆபீசின் சட்டங்கள், பர்மிஷன், போன். அதோடு விடாமல், முன்வாசலுக்குப் போகப் பார்த்தவரை, ஆபீசுக்கு இது வழி இல்லை என்று தெருவைச் சுற்ற வைத்து அழைத்து வந்திருக்கிறார்.

"வரையாததுக்கு ஓவியர்கள் எவ்வளவோ சாக்கு சொல்லிக் கேட்டிருக்கேன்" என்றார் கேலரி அம்மா. "வரையறாங்கன்னு சாட்சி சொல்ல ஒரு மாமியார் வந்தது இதுதான் முதல் தடவை."

சொல்லிக்கொண்டே சுவர்ப் பக்கம் திரும்பியவர் சிரிப்பை நிறுத்திவிட்டார். ஒவ்வொரு படமாகப் போனார். கிட்டப் போனார், தள்ளி நின்றார். பெரிய படத்துக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். பிறகு கதவோரம் நின்றிருந்த அத்தையைத் திரும்பிப் பார்த்தார். மறுபடியும் படத்தைப் பார்த்தார்.

"எல்லாம் எனக்கு வேணும். ஒண்ணு விடாம. சுவர் உங்களுக்குத்தான்" என்றார்.

எத்தனை மாதமாக நான் காத்திருந்த வாக்கியம். சந்தோஷத்தில் எனக்கு உடம்பு லேசாகிவிட்டது. ஆனால் என் கண் அத்தையின் மேல்தான் இருந்தது. அவர் முகம் சிவந்து, காது மடல்கூடச் சிவந்திருந்தது. கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

"அத்தை சரின்னு சொன்னாத்தான்" என்றேன்.

"சொல்லலைன்னா?" என்றார் கேலரி அம்மா.

"அப்போ எனக்குச் சுவர் வேண்டாம். இதுல இருக்கறதெல்லாம் அவங்களோடது."

சொல்லும்போதே பழைய ஆபீசின் நாற்காலி என் கண் முன்னால் வந்து நின்றது. சொன்னதில் எனக்கு வருத்தமில்லை. அத்தை உள்ளே வந்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, எக்ஸ்சேஞ்சில் நடந்த அதே நடையில், சுவரோரமாக ஒரு முனையிலிருந்து ஆரம்பித்தார். குழாய்ச் சண்டையைப் பார்த்தார். பட்டாணியைப் பார்த்தார். வாய் பிளந்து தூங்கும் படத்துக்கு முன்னால் நின்று தன் வாயை இறுக்கி மூடிக்கொண்டார். காகத்தைப் பார்த்தபோது, நான் கேட்டிருப்பேன் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. ஒரு தடவை என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு மேலே நடந்தார்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்றார்.

"கேட்டிருந்தா ஆடியிருக்க மாட்டீங்க அத்தை."

"ஆடியிருக்க மாட்டேன்" என்று ஒப்புக்கொண்டார்.

பெரிய படத்துக்கு வந்துவிட்டார். தலையைச் சாய்த்துப் பார்த்தார். பின்னால் ஓர் அடி வைத்துப் பார்த்தார். அப்புறம் விரலை நீட்டினார்.

"இந்தக் கை தப்பு."

"கையா?" என்றேன்.

"நான் இங்க திரும்பறேன். திரும்பும்போது முழங்கை இப்படியா மடங்கும்? மேல போகும்."

எனக்குச் சுருக்கென்றது. எந்த நிலைமையில் இருக்கிறேன் என்பதே மறந்துபோய், நான் என் கண்ணால் பார்த்ததைத்தான் வரைந்தேன் என்று சண்டைக்குப் போனேன். "மாடியிலேர்ந்து பார்த்தா என்ன தெரியும்? தலைதான் தெரியும்" என்றார் அத்தை. "தப்பா வரைஞ்சதை ஊர் பார்க்கக் கூடாது. சரியா வரைஞ்சு மாட்டு."

சொல்லிவிட்டுக் கைப்பையைக் கேலரி அம்மாவின் கையில் கொடுத்தார். செருப்பைக் கழற்றி ஓரமாக ஜோடி சேர்த்து வைத்தார். பெயின்ட் சிந்தாமல் இருக்க நான் தரையில் விரித்திருந்த பழைய துணியைக் குனிந்து எடுத்து, இரண்டு முனையையும் பிடித்து ஓர் உதறு உதறினார். அப்புறம் அந்தச் சுருதியில்லாத பாட்டைத் தொடங்கினார்.

முதல் சுற்றில் யாரையும் பார்க்கவில்லை. கண் தரையில் இருந்தது. இரண்டாவது சுற்றில் கேலரி அம்மா தாளம் போட ஆரம்பித்தார், கைப்பையையே தட்டி. மூன்றாவது சுற்றில் அத்தை நிமிர்ந்து நேராக என்னைப் பார்த்தார். துணி தலைக்கு மேல் எழும்பியது. முழங்கை மேலே போனது. அவர் சொன்னது சரிதான். அப்படித்தான் போக வேண்டும். அவர் சிரித்தார், பல்லெல்லாம் தெரிய. நான் கரித்துண்டை எடுத்து, நின்றபடியே தாளில் போட்டேன்.

துணியைப் படம் வைத்து வரையும் ஸ்டாண்டின் மேல் வீசிப் போட்டுவிட்டு மூச்சு வாங்க நின்றார். நெற்றி வியர்த்திருந்தது.

"வரைஞ்சிட்டியா, இல்ல இன்னொரு தடவை ஆடணுமா?"

கை அச்சாக வந்திருந்தது. நான் தாளை மார்போடு சேர்த்து மறைத்துக்கொண்டு, இன்னும் வரவில்லை அத்தை, இன்னொரு தடவை ஆடுங்கள் என்று சொன்னேன்.